தேடலுக்குத் தீர்ப்பு வேண்டாம்

பண்டைக் கிரேக்க நூல்களைக் கணினியில் தேடுகிறவர்களுக்கு நெடுநாளாக ஒரு குறை. “ஏவல் வினைகளை மட்டும் காட்டு” என்று கேட்டால் ஏவல் அல்லாதவையும் வந்து குவிகின்றன. இரண்டாம் வேற்றுமைப் பெயர்களைக் கேட்டால் முதல் வேற்றுமையும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் குறையிலிருந்து ஒரு கொள்கை பிறந்து, இன்று பெரும்பாலோர் கேள்வியின்றி ஏற்கும் கருத்தாகிவிட்டது. ஓரிடத்தில் வரும் ஒரு சொல்லுக்கு ஒரே ஓர் இலக்கணக் குறிப்புத்தான் சரி. அதைக் கண்டுபிடித்து மற்றவற்றைக் கழித்துவிடுவதே நல்ல மென்பொருளின் அடையாளம். கழிக்கத் தெரியாத தேடுபொறி அரைவேக்காடு என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தப் பேச்சுக்குத் தெம்பு கூடியிருக்கிறது.

இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறு. தேடுவது வேறு, தீர்ப்பளிப்பது வேறு. கேட்ட வடிவமாக இருக்கக்கூடிய இடங்கள் அத்தனையையும் படிப்பவர் முன் கொண்டுவந்து வைப்பதோடு தேடுபொறியின் கடமை முடிகிறது. ஐயத்தைத் துடைத்துவிட்டுத் தரும் சுருக்கமான பட்டியல், ஐயத்தோடு தரும் நீண்ட பட்டியலைவிட ஆபத்தானது. எதை இழந்தோம் என்பதே தெரியாமல் நம்மை நிம்மதியாக இருக்கவைப்பதுதான் அதன் ஆபத்து.

முதலில் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கிரேக்கம் படிக்கத் தொடங்கும் மாணவர் உருப்போடும் முதல் வினைகளுள் ஒன்று ‘லூஓ’. அவிழ்க்கிறேன் என்று பொருள். அதிலிருந்து பிறக்கும் ‘லூயே’ என்ற வடிவம் ‘அவன் அவிழ்த்தால்’ என்பதுபோல வேறொரு வினையைச் சார்ந்து வரும். ஐரோப்பிய இலக்கணக்காரர்கள் சப்ஜங்க்டிவ் என்று சொல்லும் இதைச் சார்புவினை என்று வைத்துக்கொள்ளலாம். அதே எழுத்துகள், அதே ஒலிக்குறிகளோடு, ‘நீ அவிழ்க்கப்படுகிறாய்’ என்ற செய்தியாகவும் நிற்கும். ‘நீ அவிழ்க்கப்பட்டால்’ என்ற சார்புவினையாகவும் நிற்கும். போதாக்குறைக்கு, செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் நடுவே, தனக்காகச் செய்துகொள்வதைக் குறிக்கும் இடைவினை ஒன்று கிரேக்கத்தில் உண்டு. நிகழ்காலத்தில் இடைவினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் ஒரே வடிவம். அவற்றையும் தனித்தனியே எண்ணினால் இந்த ஒரு சொல்லுக்கு ஐந்து இலக்கணக் குறிப்புகள்.

இது விதிவிலக்கு அன்று. ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத நடுப்பால் பெயர்களில் முதல் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் வடிவ வேறுபாடே கிடையாது. ‘எலூஒன்’ என்றால் ‘நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன்’. ‘அவர்கள் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதும் அதுவேதான். முன்னிலைப் பன்மையில் நிகழ்காலச் செய்தியும் நிகழ்கால ஏவலும் ஏறக்குறைய எல்லா வினைகளிலும் ஒன்றே. தமிழில் ‘ஓடும்’ என்பது முற்றாகவும் பெயரெச்சமாகவும் மரியாதை ஏவலாகவும் நிற்பதைப் போன்ற நிலை இது. கிரேக்கத்தில் இப்படிப்பட்ட வடிவங்களுக்குப் பஞ்சமே இல்லை.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்னூலகத்துக்கு அடித்தளமாக இருக்கும் ‘மார்ஃபியஸ்’ என்ற நிரலை 1980களில் கிரெகரி கிரேன் உருவாக்கினார். அது சொல்லைத் தனியாக எடுத்து, அந்த எழுத்துக்கோவை என்னென்னவாக இருக்கலாமோ அவ்வளவையும் அடுக்கித் தரும். அக்கம்பக்கச் சொற்களைப் பார்ப்பதில்லை. பெர்சியஸ் தளத்தில் ஒரு சொல்லை அழுத்தினால் சாத்தியமான குறிப்புகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வாசகர்கள் வாக்களிக்கலாம். புள்ளியியல் கணக்கின்படி பொருத்தமாகத் தோன்றுவதற்கு மட்டும் ஓர் அடையாளம் இருக்கும். அது சரியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் அருகிலேயே இருக்கும். இந்த அடக்கத்தைத்தான் பலர் குறை என்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கருவியில் மிக நேர்மையான பகுதி அதுதான்.

எதிர்த்தரப்பின் முதல் வாதம்: சூழல் தீர்த்துவிடும். வடிவம் ஐந்தாக இருக்கலாம், ஆசிரியர் எழுதியபோது மனத்தில் இருந்தது ஒன்றுதானே என்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் இது உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாக்கியத்தில் எழுவாய் வேறாக இருந்தால் நடுப்பால் பெயர் செயப்படுபொருளாகத்தான் இருக்கும். இதில் சண்டை இல்லை. ஆனால் சண்டையில்லாத இடங்களுக்காக யாரும் நூல்களைத் துருவுவதில்லை.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் யோவான் நற்செய்தி 5:39ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரும் ‘எரவ்னாதெ’ என்ற வினை ‘ஆராயுங்கள்’ என்ற கட்டளையாகவும் இருக்கலாம், ‘ஆராய்கிறீர்கள்’ என்ற கூற்றாகவும் இருக்கலாம். வடிவத்தில் எள்ளளவு வேறுபாடும் இல்லை. சூழலும் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கூற்றாக எடுத்துக்கொண்டது. ஒரு சபையில் இயேசு வேதத்தைப் படிக்கச் சொல்கிறார். மற்றொன்றில், படித்தும் பயனில்லாமல் போனதைச் சுட்டிக்காட்டுகிறார். இரு தரப்பிலும் கிரேக்கம் நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பிரித்தது அறியாமை இல்லை, அந்தச் சொல்லின் வடிவம்.

அதே நற்செய்தியின் 14:1இல் ஒரே வினை ஒரே வாக்கியத்தில் இருமுறை வருகிறது. இரண்டும் கட்டளை, இரண்டும் கூற்று, முதலாவது கூற்று இரண்டாவது கட்டளை, அல்லது அதன் தலைகீழ் என நான்கு வாசிப்புகள். மத்தேயு 6:13இல், இயேசு கற்பித்த ஊரறிந்த ஜெபத்தின் கடைசி வேண்டுதலில், ‘பொனேரூ’ என்ற ஆறாம் வேற்றுமை வடிவம் ஆண்பாலா நடுப்பாலா என்பது சொல்லைப் பார்த்துத் தெரியாது. நடுப்பால் என்றால் தீமை. ஆண்பால் என்றால் தீயோன். இங்கேயும் நம் இரு மொழிபெயர்ப்புகளும் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன.

இப்போது ஒரு மாணவி புதிய ஏற்பாட்டின் முன்னிலைப் பன்மை ஏவல்களைத் தேடுகிறார் என்று வையுங்கள். அவருடைய மென்பொருள் 5:39ஐக் ‘கூற்று’ என்று ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தால், அவர் பட்டியலில் அந்த வசனமே இருக்காது. அங்கே நூற்றாண்டுகளாக ஒரு விவாதம் இருந்ததும் அவருக்குத் தெரியாமலே போகும். அவர் தேடியதற்கு மிகப் பொருத்தமான இடம் எதுவோ அதையே கருவி மறைத்துவிட்டது. இதற்குத் துல்லியம் என்று பெயரிடுவது கொடுமை.

ஐயம் என்பது நாம் கிரேக்கத்தை அரைகுறையாகப் படிப்பதால் வருவது என்று யாரேனும் சொன்னால் அவர்களை அரிஸ்டாட்டிலிடம் அனுப்பலாம். கவிதையியல் நூலின் 25ஆம் அதிகாரத்தில் அவர் தாசோஸ் தீவைச் சேர்ந்த ஹிப்பியாஸ் என்பவரின் தீர்வு ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஹோமரின் ஒரு தொடரில் வரும் ‘திதொமென்’ என்ற சொல்லில் ஒலியழுத்தம் முதலசையில் விழுந்தால் ‘நாம் தருகிறோம்’ என்று பொருள். வெற்றி தருவதாக வாக்களித்து அகமெம்னானை ஏமாற்றிய பழி நேரே சியூஸ் தலையில் விழும். அழுத்தத்தை நடுவசைக்கு நகர்த்தினால் அதுவே செயவென் எச்சமாகி, கட்டளையின் வேலையைச் செய்யும். தருமாறு, தாம் அனுப்பிய கனவுத் தேவதைக்குச் சொன்னதாக முடியும். பொய் சொன்னது தேவதை, கடவுள் தப்பித்தார். ஒரு கடவுளின் நாணயமே ஓர் அசையின் அழுத்தத்தில் தொங்கியது. கிரேக்கத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் இதைப் பற்றி வாதிட்டார்கள். அரிஸ்டாட்டில் தம் தர்க்க நூலொன்றில் மொழியால் விளையும் போலிவாதங்களை ஆறு வகையாகப் பிரித்தபோது, ஒலியழுத்தத்துக்கென்றே ஒரு வகை ஒதுக்கினார். அவர்களுக்கே ஐயமாக இருந்ததை நம் கணினி ஐயமின்றி அறிவிப்பது அறிவின் வளர்ச்சியா, இல்லை அசட்டுத் துணிச்சலா?

இரண்டாம் வாதம் கொஞ்சம் நுட்பமானது. அச்சிட்ட பதிப்பில் ஒலிக்குறிகள் இருக்கின்றன. அவை பல வடிவங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. ஆகவே அவ்வளவில் ஐயத்துக்கு இடமில்லை என்கிறார்கள். அந்தக் குறிகளைப் போட்டது யார்? கி.மு. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோஃபனஸ் அவற்றை வகுத்ததாக மரபு. பழைய ஏடுகளில் அவை பெரும்பாலும் இல்லை. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விவிலியக் கையெழுத்துப்படியான சினாய் பிரதியில் ஒலிக்குறியும் இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. நாம் பார்க்கும் குறிகள் பிற்காலப் படியெடுத்தோரும் பதிப்பாசிரியர்களும் தங்கள் வாசிப்பின்படி இட்டவை. அதாவது குறியே ஓர் இலக்கணக் குறிப்பு.

இதைக் கிட்டத்தில் பார்க்க இரண்டு இடங்கள் போதும். லூக்கா 1:79இலும் 1 தெசலோனிக்கேயர் 3:11இலும் ஒரே எழுத்துக்கோவை வருகிறது. முதல் இடத்தில் பதிப்புகள் அதற்கு வளைந்த அழுத்தக்குறி இட்டு, ‘வழிநடத்த’ என்ற எச்சமாக்குகின்றன. இரண்டாம் இடத்தில் சாய்ந்த குறி இட்டு, ‘வழிநடத்துவாராக’ என்ற வியங்கோளாக்குகின்றன. இரண்டு முடிவுகளும் நியாயமானவைதான். ஆனால் பழம்பிரதியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 1 கொரிந்தியர் 5:13இல் நிலைமை இவ்வளவு சுமுகமாக இல்லை. அங்கே ‘நியாயந்தீர்’ என்ற வினை, அழுத்தம் முதலசையில் விழுந்தால் நிகழ்காலம். கடைசி அசையில் விழுந்தால் எதிர்காலம். பதிப்பாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரு பதிப்பை மட்டும் நம்பி எதிர்கால வினைகளைத் தேடுகிறவர், தம்மை அறியாமலே அந்தப் பதிப்பாசிரியரின் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்.

எழுத்தே மாறும் இடங்களும் உண்டு. ரோமர் 5:1இல் ஓர் உயிரெழுத்தின் குறில்-நெடில் வேறுபாட்டில் ‘பெற்றிருக்கிறோம்’ என்பது ‘பெற்றிருப்போமாக’ ஆகிவிடும். சினாய் பிரதியும், இன்னொரு பழம்படியான வத்திக்கான் பிரதியும் முதலில் நெடிலோடு எழுதப்பட்டு, பின்னர் குறிலாகத் திருத்தப்பட்டன. இன்றைய தரமான பதிப்பு குறிலை ஏற்று அச்சிடுகிறது. சார்புவினைகளைத் தேடுகிறவருக்கு இந்த இடம் கண்ணில் படவே படாது.

மூன்றாம் வாதம், பிழைவீதம் மிகக் குறைவு என்பது. புதிய மென்பொருள்கள் சூழலைப் பார்த்து நூற்றுக்கு 97 சொற்களுக்குச் சரியான குறிப்புத் தருகின்றன என்றே வைத்துக்கொள்வோம். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 1,38,000 சொற்கள். மூன்று விழுக்காடு என்றால் 4,140 இடங்களில் தவறு. இந்தத் தவறுகள் நூல் முழுதும் சீராகத் தூவிக்கிடந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்படிக் கிடப்பதில்லை. மென்பொருள் அடிக்கடி கண்டதை வைத்துக் கற்கிறது. ஐயம் வரும்போது வழக்கமானதன் பக்கம் சாய்கிறது. ஆகவே தவறுகள் அருமையான வடிவங்களைச் சுற்றியே குவிகின்றன. புதிய ஏற்பாட்டில் வியங்கோள் வினைகள் எழுபதுக்கும் குறைவு. அவற்றுள் 15, ‘அப்படி ஆகாதிருப்பதாக’ என்ற ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவது. மிஞ்சியிருக்கும் சொற்பத்தில் ஐந்தோ ஆறோ கைநழுவினால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. மொத்தத்தில் 97 என்று மார்தட்டிக்கொள்ளும் கருவி, நாம் கேட்ட வடிவத்தில் எவ்வளவு தேறியது என்று சொல்வதில்லை. இலக்கணத் தேடலின் பயனே அருமையானதைக் கண்டெடுப்பது என்னும்போது, சராசரி மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான்காம் வாதம்தான் உண்மையில் பலரை ஈர்ப்பது. விடைகள் மிக அதிகம். யார் உட்கார்ந்து பிரிப்பது? அலுப்பு உண்மைதான், மறுக்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 1972இல் தொடங்கிய தெசாரஸ் லிங்குவே கிரேக்கே தொகுப்பில் இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அதில் பொதுவான ஒரு வடிவத்தைத் தேடினால் திரை நிரம்பி வழியும். ஆனாலும் இரண்டு வகைப் பிழைகளையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வேண்டாத விடை வந்தால் கண்ணுக்குத் தெரியும். படித்துப் பார்த்துத் தள்ளிவிடலாம். நேரம் மட்டும்தான் நட்டம். வேண்டிய விடை வராமல் போனால் அது தெரியவே தெரியாது. முன்னது செலவு, பின்னது இழப்பு. ஆய்வில் செலவைக் குறைக்க இழப்பை ஏற்பது எந்த ஊர் நியாயம்?

இல்லை என்று சொல்லும் ஆய்வுகளில் இது இன்னும் கூர்மையாகும். ‘இந்த ஆசிரியர் இவ்வகை வாக்கியத்தில் வியங்கோளைப் பயன்படுத்துவதே இல்லை’, ‘இந்த வினை இடைவினையாக வருவதே இல்லை’ என்பவை இலக்கண நூல்களில் இடம்பிடிக்கும் கூற்றுகள். இவற்றுக்கு ஆதாரம் தேடுபொறி காட்டும் பூஜ்யம். கருவி தன் இஷ்டத்துக்குக் கழித்துவிட்ட பிறகு வரும் பூஜ்யத்தை வைத்து ‘இல்லை’ என்று எழுதினால், அது மொழியைப் பற்றிய செய்தி ஆகாது. மென்பொருளின் விருப்பு வெறுப்பைப் பற்றிய செய்திதான்.

கணினிக்கு முந்தைய காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1897இல் வெளிவந்த மோல்டன், கெடன் இருவரின் புதிய ஏற்பாட்டுச் சொல்லடைவு, ஒரு சொல் வரும் வசனங்களை அடுத்தடுத்து அடுக்கித் தந்தது. இலக்கணம் பார்ப்பது படிப்பவர் வேலை. விரல்விட்டு வரிவரியாகப் பார்த்தவர்கள் வேண்டாததைத் தள்ளும்போதே மொழியின் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டார்கள். தேடாத ஒன்று கண்ணில் பட்டு அதிலிருந்து புதிய கேள்வியும் பிறந்தது. அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. கணினி வேகத்தைத் தரட்டும். படிக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் வாதம் அதிகாரத்தின் பெயரால் வருகிறது. எந்திரம் தவறலாம், நிபுணர்கள் சொல்லுக்குச் சொல் கையால் இலக்கணம் குறித்த தொகுப்புகளான ட்ரீபேங்க்குகள் இருக்கின்றனவே, ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் தந்த குறிப்பை ஏற்கலாமே என்கிறார்கள். அந்த நிபுணர்களே என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெர்சியஸ் சார்ந்த கிரேக்க ட்ரீபேங்க்கில் இடைவினை, செயப்பாட்டுவினை என்ற இரண்டுக்கும் தனிக் குறிகள் இருக்க, இரண்டில் ஒன்று என்று மட்டும் சொல்லும் மூன்றாவது குறியும் இருக்கிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ப்ரோயெல் தொகுப்பில் ஆண்பாலோ நடுப்பாலோ என்று விட்டுவைக்கும் குறி உண்டு. 1981இல் வெளிவந்த ஃப்ரைபெர்க் இணையரின் பகுப்பாய்வுப் பதிப்பு, ஐயமான வினைகளுக்குச் செய்தி, ஏவல் என்று இரண்டு குறிப்புகளையும் சேர்த்தே அச்சிட்டது. கையால் வேலை செய்தவர்கள் ஒற்றை விடைக்கு இடமில்லாத இடங்களை அறிந்திருந்தார்கள். அவர்கள் உழைப்பைக் காட்டி ஒற்றை விடை கேட்பவர்களுக்கு அந்த உழைப்பே எதிர்ச்சாட்சி.

இதில் ஒரு வட்டமும் இருக்கிறது. ஓர் இடத்தில் நிபுணர் ஒருவர் ஏதோ ஒரு பக்கம் முடிவெடுக்கிறார். அந்தத் தொகுப்பைப் பார்த்து மென்பொருள் கற்கிறது. கற்றது வேறு நூல்களில் அதே பக்கம் சாய்ந்து குறிப்பிடுகிறது. அடுத்த ஆய்வாளர் அந்த நூல்களில் தேடி, முதல் நிபுணர் சொன்னதே மொழியின் பொது வழக்கு என்று நிறுவுகிறார். ஒருவருடைய கருத்து மூன்று கைமாறி ஆதாரம் என்ற பெயரோடு திரும்பி வருகிறது. ஐயமான இடங்களை ஐயம் என்றே குறித்துவைத்திருந்தால் இந்த வட்டம் முதல் அடியிலேயே அறுந்திருக்கும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா என்றால், உண்டு. புதிதாகப் படிக்கும் மாணவருக்கு ஐந்து குறிப்புகளை ஒரேயடியாகக் காட்டினால் மிரண்டுபோவார். பொருத்தமானது முதலில் வருவதே நல்லது. ஓர் ஆசிரியர் எந்த வேற்றுமையை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று மொத்தமாகக் கணக்கெடுக்கும்போது தனித்தனிப் பிழைகள் பெரிதாகத் தெரியா. இந்த இரண்டு வேலைகளுக்கும் ஊகிக்கும் மென்பொருள் தாராளமாக உதவட்டும். வரிசைப்படுத்துவதற்கு நான் எதிரி இல்லை. வரிசையின் கடைசியில் நிற்பவரை வாசலுக்கு வெளியே தள்ளுவதைத்தான் எதிர்க்கிறேன்.

செய்ய வேண்டியது அப்படியொன்றும் கடினமில்லை. ‘ஏவலாகத்தான் இருக்க முடியும்’, ‘ஏவலாகவும் இருக்கலாம்’ என்ற இரண்டு கேள்விகளைத் தேடுபொறி பிரித்துக் கேட்க விட வேண்டும். முதல் கேள்விக்கு வடிவத்தாலேயே உறுதியானவை மட்டும் வரும். இரண்டாவதற்கு மற்றவையும் வரும். மென்பொருளின் ஊகம் விடைகளை வரிசைப்படுத்தலாம், எதையும் நீக்கக் கூடாது. ஒலிக்குறியைப் பொருட்படுத்தாமல் தேடும் வசதி இலக்கணத் தேடலிலும் இருக்க வேண்டும். ஒரு குறிப்பு இலக்கண விதியால் வந்ததா, புள்ளியியலால் வந்ததா, ஒரு மனிதரின் முடிவால் வந்ததா என்பது அதன் பக்கத்திலேயே தெரிய வேண்டும். மனிதர் என்றால் யார் என்பதும் தெரிய வேண்டும். பட்டியலின் தலையில் ‘இத்தனை உறுதி, இத்தனை ஐயம்’ என்று இரண்டு எண்கள் இருந்தாலே போதும். கட்டுரை எழுதுகிறவர் பொய்ப் பூஜ்யத்தில் விழ மாட்டார்.

ஒற்றை விடை கேட்பவர்கள் அறிவியலின் பெயரால் கேட்கிறார்கள். அளவிட முடியாததை அளந்துவிட்டதாகச் சொல்லாமல் இருப்பதுதான் அறிவியலின் முதல் ஒழுக்கம். தராசு முள் நடுங்கும்போது நடுங்குகிறது என்று எழுதிவைக்க வேண்டும். பிடித்து நிறுத்தி எடை சொன்னால் அதற்குப் பெயர் வேறு. 5:39ஐக் கட்டளை என்று வாசிக்க உங்களுக்கு உரிமை உண்டு, கூற்று என்று வாசிக்க எனக்கும் உண்டு. நாம் இருவரும் வாதிடலாம், நம் பெயரைப் போட்டு எழுதலாம், பிறர் மறுக்கலாம். அந்த வாதத்தை யாரும் பார்க்காத ஒரு நிரல்வரி முன்கூட்டியே முடித்துவைத்துவிட்டு, மிச்சத்தை நமக்குத் தேடல் விடை என்று பரிமாறுவதை ஏற்க முடியாது.